தென் சரிவில் ஒரு சாம்பல் கட்டம்

எங்கள் ஊரில் பிழையில்லாத ஆவணம் ஒன்று உண்டென்றால் அது கங்கம்மா ஜாத்திரைக்கு, எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு, வரி வசூலிக்கும் நோட்டுதான். நிலப் பதிவேட்டில் செத்துப் போனவர்கள் பலர் இன்னும் பயிர் செய்துகொண்டிருக்கிறார்கள். ரேஷன் அட்டையில், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேரைப் பெங்களூரில்தான் தேட வேண்டும். ஜாத்திரை நோட்டில் அந்தக் கூத்தெல்லாம் நடக்காது. ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் அடுத்த ஜாத்திரைக்கு அவன் ஒரு தலைக்கட்டு, அவன் பேரில் தனி வரி. செத்தால் பேரை அடித்துவிடுவார்கள். யார் பாகம் பிரித்துக்கொண்டார்கள், யார் இன்னும் சேர்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். வரி கேட்டு வாசலில் நிற்பவர்களிடம் பொய் சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டுக்கொண்டிருப்பான்.

சோலார் கம்பெனிக்காக நிலத்துக்காரர்களின் பட்டியல் தயாரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது நான் முதலில் கேட்டு வாங்கியது அந்த நோட்டைத்தான். வேறு யாருக்கும் தோன்றாத யோசனை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஊர் ஆந்திராவில், பாலசமுத்திரம் பக்கம். காலையில் எழுந்து நடந்தால் தமிழ்நாட்டுக்குள் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். நான் வாழ்க்கைப்பட்டது சித்தூரில். மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். நான் பத்து வருடம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து விவசாயிகளுக்கு நில ஆவணம் அச்செடுத்துக் கொடுத்தேன். தெலுங்கில் இருக்கும் பதிவேட்டைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதுவும் அந்த ஊர்க்காரியாக இருந்தால் நல்லது என்று கம்பெனி தேடியது. அப்படி இருந்தவள் நான் ஒருத்திதான்.

திட்டத்தைப் போடுகிற பொறியாளர் ஐதராபாத்திலிருந்து வந்தவர். மரியாதையான மனிதர். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். எதைப் பார்த்தாலும் அவருக்கு அது ஒரு நிறமாகத்தான் தெரியும். ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படத்தைக் கணினியில் விரித்து, சமமான இடத்துக்குப் பச்சை, சரிவுக்கு மஞ்சள், பாறைக்குச் சிவப்பு என்று பூசிக்கொண்டே போவார். ஊருக்குக் கிழக்கே உள்ள சின்ன மலையின் நிழல் காலையில் எதுவரை விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்பதைப் பத்து நாள் கல் நட்டுப் பார்த்துக் குறித்தோம். வடக்குப் பார்த்த சரிவு வேண்டாம். தெற்குப் பார்த்த சரிவு என்றால் தங்கம். இரண்டு வரிசைத் தகடுகளுக்கு நடுவே ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாத அளவுக்கு இடைவெளி வேண்டும். எனக்கு இதெல்லாம் புதிது. ஆனால் வேலை பிடித்திருந்தது.

ஒருநாள் அவர் மேட்டின் மேல் நின்று, "இங்கே யாரும் ஒன்றும் செய்வதில்லை போலிருக்கிறது மேடம்" என்றார் தெலுங்கில். அது பங்குனி மாதம். புல்கூடக் காய்ந்து கிடந்தது. மழை விழுந்ததும் வேர்க்கடலை போடுவார்கள், பிறகு கொள்ளு விதைப்பார்கள், கடலையில் பாதியைக் காட்டுப்பன்றி தோண்டிவிடும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் படத்தில் அந்த இடத்தைப் பச்சையாகவே விட்டார். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. சித்தூரில் பத்து வருடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் நமக்கே மேட்டுக் கொல்லை சும்மா கிடப்பது போலத்தான் தெரிகிறது.

தென் சரிவின் நடுவில் இருந்தது என் அப்பாவின் நிலம், மூன்றரை ஏக்கர். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது, அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பட்டா அண்ணன் பேருக்கு மாறியிருந்தது. தகடுகளைத் தாங்கும் கம்பம் இறங்குமா என்று சோதிக்க இயந்திரம் கொண்டுவந்து அடித்தபோது மேலே பல இடத்தில் பாறை தட்டியது. எங்கள் நிலத்தில் மட்டும் கம்பம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பொறியாளர் சந்தோஷப்பட்டு, மின்சாரத்தை மாற்றி அனுப்பும் இயந்திர அறையை அங்கேயே வைத்தார். அதற்கு வரும் பாதையையும் எங்கள் நிலத்தின் வழியாகவே போட்டு, அங்கிருந்து மேல் சரிவுக்குக் கிளை பிரித்தார். அண்ணன் கம்பம் அடித்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டே எனக்குப் போன் செய்தான்.

"பாப்பா, நம்ம கொல்லியில ஒரே குத்துல எறங்கிடிச்சி. நைனா இருந்தா இன்னாமா சந்தோசப்படுவாரு."

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைவிட நான்கு வயது பெரியவன். இரண்டு முறை ஆழ்துளைக் கிணறு போட்டான், இரண்டு முறையும் புழுதிதான் வந்தது. அதற்குப் பிறகு எல்லை தாண்டிச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறான். கல் தூக்கித் தூக்கி முட்டி இரண்டும் போய்விட்டன, மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வான். சோலார் வாடகை வந்தால் சூளைக்குப் போக வேண்டியதில்லை. அவனுக்கு இந்தத் திட்டம் என்றால் அதுதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் துணியும் எடுத்துக்கொண்டு சித்தூர் வருவான். எனக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலானபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தான். நல்ல அண்ணன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

சம்மதக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. நான் ஜாத்திரை நோட்டைப் பார்த்து எழுதிய பட்டியலைப் படித்தேன். யார் நிலம், அவருக்குப் பின் யார் வாரிசு என்று ஒவ்வொரு குடும்பமாகச் சொல்ல, ஊர் ஆமாம் என்றது. ஒரு பேர்கூடத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பொறியாளர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டான். 'எனக்கு வேறு உடன்பங்குதாரர் இல்லை' என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி உண்டு. அதற்குக் கீழே சாட்சி வேண்டும். எல்லாக் குடும்பத்துக்கும் போட்டதைப் போல அவனுக்கும் நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்தான படிவக் கட்டுகளைத் திருப்பதிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனிக்குச் சட்டம் பார்க்கிற வக்கீல் அம்மாவின் அலுவலகம் அங்கே ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெலுங்கில் கேட்டார்.

"இந்த ஊரில் பெண் குழந்தையே பிறப்பதில்லையா?"

நான் சிரித்தேன். வேடிக்கையாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் திருப்பி, நிலத்துக்காரரின் தந்தை பெயர் இருந்த இடத்தில் ஒரு விரலையும் சாட்சியின் தந்தை பெயர் இருந்த இடத்தில் இன்னொரு விரலையும் வைத்தார். இரண்டும் ஒரே பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் ஆதாரில் அப்பா பெயரை மாற்றாமல் சோம்பேறித்தனமாக விட்டிருந்தேன். அது மட்டும் இல்லாவிட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். கட்டிக்கொடுத்த பெண் வேறு ஊர் நோட்டில், வேறு ஆளின் வரிக்குள் போய்விடுவாள். அதனால் எங்கள் ஊர் நோட்டில் எந்தக் காலத்திலும் ஒரு மகள் பேர் இருந்ததில்லை. அதைப் பார்த்து நான் எழுதினேன், என் பேர் இல்லாததை நானே கவனிக்கவில்லை. ஊர் கவனிக்கவில்லை, அண்ணன் கவனிக்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எங்களுக்கு எண்ணத் தெரிந்த விதமே அதுதான். வக்கீல் அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்பன் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு, நாளைக்கு ஒரே ஒரு மகள் வழக்குப் போட்டாலும் மொத்தத் திட்டமும் நின்றுபோகும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, காபி சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் சித்தூர் வரும்வரை எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வேலையில் தப்பு செய்த வெட்கம்தான் முதலில் வந்தது. மற்றது எல்லாம் பிறகு வந்தது.

பொறியாளர் ஒரு மாத அவகாசம் கொடுத்தார். அந்தக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு படிவம். ஒன்று, என் பங்கை விட்டுக் கொடுக்கிறேன் என்பது. இன்னொன்று, நானும் பங்குதாரராகச் சேர்ந்து குத்தகைக்கு விடுகிறேன் என்பது. இரண்டில் எதுவானாலும் கம்பெனிக்குச் சரி. எதிலும் கையெழுத்து இல்லாத நிலம் படத்தில் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்றால் திட்டத்துக்கு வெளியே. அந்த நிறத்தைப் பூசும் வேலையை என்னிடமே கொடுத்தார்.

பள்ளிப்பட்டு, சோளிங்கர், நகரி, புத்தூர் என்று அலைந்தேன். பெரும்பாலும் கூடவே ஓர் அண்ணனோ தம்பியோ தட்டோடு வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு புடவை. அக்கா தங்கையிடம் ஒன்றைக் கேட்டுப் போகும்போது பிறந்த வீட்டிலிருந்து புடவை வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. புடவையை வாங்கி முந்தானையை விரித்துப் பார்த்துவிட்டு, பேனா எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம். நகரியில் ஒருத்தி, "இத்த விட ஜாத்திரைக்கு நல்லதா எடுத்துக் குடுத்தியேடா" என்று தம்பியைக் கிண்டல் செய்துகொண்டே போட்டாள். நான் இரண்டு படிவத்தையும் படித்துச் சொல்வேன். இரண்டாவதைப் படிக்கும்போது எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பார்கள். அண்ணியின் பிறந்த வீடும் அதே சரிவில் நிலமுள்ள குடும்பம்தான். அவளும் அவள் தம்பியிடம் ஒரு மாம்பழ நிறப் புடவையை வாங்கிக்கொண்டு விட்டுக் கொடுத்தாள். அந்தப் புடவை நன்றாக நினைவிருக்கிறது.

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மட்டும் உடனே போடவில்லை. எங்கள் ஊரில் பிறந்து நாற்பது வருடம் முன்னே கல்யாணமாகிப் போனவர். புருஷன் இல்லை. காய்கறி விற்கிறார்.

"நெலத்த ஒரு தபா காட்டு. அப்பறம் போடறேன்" என்றார்.

அழைத்துக்கொண்டு வந்தேன். அவருடைய தம்பி வரப்பில் ஒரு பக்கமாக நின்றான். அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். கம்பி வேலி எங்கே வரும் என்று கேட்டார். காட்டினேன்.

"வேலி போட்டா அப்பறம் உள்ள வர முடியாதா?"

"முடியாதுமா. பூட்டு போட்ருவாங்க."

ஒரு பாறை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்டுக் கொடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவர் ஒருத்தராவது கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி தள்ளிப் போனதும், ஏனம்மா என்று கேட்டேன்.

"நான் செத்தா பொறந்த ஊட்டுக் கோடி எடுத்துக்கினு அவந்தான வரணும்? அவன் வரலன்னா என்ன எடுக்க மாட்டாங்கமா, ஊரே பேசும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த பிறகு மேலே போர்த்துகிற ஒரு துணிக்கு இரண்டு ஏக்கரா என்று மனசுக்குள் திட்டினேன். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதும் அந்தக் கோபம் போகவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் நான் விட்டுக் கொடுக்கப் போவதில்லை என்று சொன்னேன். அவர், "யோசிச்சி செய்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாது, அன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டு முறை கடைசியில்தான் வந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டோடு வந்தான். தட்டில் மாம்பழ நிறப் புடவை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வைத்துக் கொடுத்த புடவையை அடுத்த வீட்டுக்கு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிதில்லை, புடவைகள் அப்படியே ஊர் சுற்றும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனுக்கு இட்லி வைத்தேன். தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா, அதுல ஒரு கையெழுத்து போட்டுரு. உனுக்குத் தெரியாதது இன்னா கீது. ஊருக்கெல்லாம் நீதான வாங்கிக்கினு கீற."

"எதுலண்ணா? ரெண்டு பாரம் கீது."

"வுட்டுக் குடுக்கறதுலதான்."

"நான் இன்னொண்ணுல போடறேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்தினான்.

"வெளையாடலண்ணா. எம் பேரும் இருக்கட்டும். நைனாவுக்கு நம்ம ரெண்டு பேருதான."

"வாடகையில பங்கு வோணுமா உனுக்கு?"

பணம் வேண்டாம், பேர் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லியிருந்தால் இங்கே எழுதுவதற்கு நன்றாக இருந்திருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. "ஆமாண்ணா, வோணும்" என்றேன். கூழ் தொழிற்சாலை வருடத்தில் நான்கு மாதம்தான் ஓடும். மற்ற மாதங்களில் வேனும் ஓடாது. எனக்கும் வேண்டித்தான் இருந்தது.

"உங் கல்யாணத்துக்கு நைனா இன்னா செஞ்சாருன்னு தெரியும்ல? அந்தக் கடன அடைக்க மூணு வருசம் அந்தக் கொல்லியில நாந்தான மாடாட்டம் ஒயைச்சேன்?"

"தெரியும்ணா. நீ ஒயைக்கலன்னு நான் சொல்லல."

"இத்தினி நாளு கேக்கல. கம்பெனிக்காரன் வந்ததும் கேக்கற. அவந்தான சொல்லிக் குடுத்தான்?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கே போன மாசந்தான் தெரிஞ்சிச்சி."

அது உண்மை. அதை அவன் நம்பவில்லை, நம்பும்படியான உண்மையும் இல்லை அது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப எங் கொல்லிய வுட்ரச் சொல்லு உங்க சாருகிட்ட. நான் கொள்ளு வெதைச்சிக்கிறேன்."

புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தட்டு எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது. மறுநாள் அண்ணி போன் செய்து தட்டைக் கேட்டாள். தட்டுக்காக அவள் போன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, "நீ கேட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனுக்குக் கேக்கத் தோணல" என்றாள். பிறகு, "அவரு சூளைக்குப் போயிட்டாரு, இன்னிக்கும்" என்றாள். தட்டை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மதியம் அப்பாவின் நிலத்தைச் சாம்பலாக்கினேன். அதற்கு இரண்டு முறை சுட்டியை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பச்சைக்கு நடுவில் ஒரு சாம்பல் கட்டம். பொறியாளர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அது உங்கள் அண்ணன்தானே மேடம், பேசிப் பாருங்களேன் என்றார். பேசிவிட்டேன் என்றேன். இயந்திர அறையைக் கீழே தள்ளினார், பாதையை வளைத்தார். வளைத்த பாதை மேல் சரிவுக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் பாறை. அதனால் மேலே இருந்த மூன்று குடும்பங்களின் நிலமும் வெளியே போயிற்று. சாம்பல் கட்டம் ஒன்று நான்காகியது.

புதிய படத்தை ஊருக்குக் காட்டச் சொன்னது பொறியாளர். அதை எடுத்துக்கொண்டு நான் முதலில் போனது அந்த மூன்று வீட்டுக்குத்தான். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒட்டவில்லை. மூன்று வீட்டிலும் உட்கார்ந்து, உங்கள் நிலத்தில் ஒரு தப்பும் இல்லை, கீழே ஒரு நிலம் சேராததால் பாதை வரவில்லை என்று நிதானமாக விளக்கினேன். யாருடைய நிலம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் அண்ணன் வீட்டு வாசலில் அன்று சாயங்காலமே யார் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. இதை இன்றுவரை நான் அவனிடம் சொன்னதில்லை.

எட்டு நாள் கழித்து அவன் போன் செய்தான்.

"எப்ப வரணும்?"

"புதன்கிழமை பத்து மணிக்குண்ணா. சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீசு. ஆதாரு, போட்டோ ரெண்டு."

"சரி."

புதன்கிழமை நான் போனபோது அவன் முன்னாலேயே வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. சூளையில் ஒரு நாள் கூலி போயிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆயிற்று என்பதுபோலத் தலையை ஆட்டினான். உள்ளே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மேல் சரிவுக்காரர்கள் மூவரும் எதிரே உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் கையெழுத்து முடிந்தால்தான் அவர்களுடையது. பொறியாளர் தன் கணினியில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

எங்கள் முறை வந்தது. குத்தகைப் பத்திரத்தில் நிலத்துக்காரர்கள் என்ற இடத்தில் முதலில் அவன் பேர், அடுத்து என் பேர். மேசையில் இருந்த குமாஸ்தா அவனுடைய விவரங்களையெல்லாம் தட்டிவிட்டு என் ஆதாரை எடுத்தார். இந்த அம்மா உங்களுக்கு என்ன வேண்டும் என்று அண்ணனைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். வெறும் வழக்கத்துக்காகக் கேட்கிற கேள்விதான். நான் அவனுக்கு முன்னால் பதில் சொல்லிவிட வாயெடுத்தேன்.

"பாகஸ்துராலு" என்றான் அண்ணன். பங்குதாரர்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு அது போதுமான பதில்தான். தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் என்னை ஒரு முறைகூடப் பாப்பா என்று கூப்பிடவில்லை என்பது எனக்கு அந்த மேசைக்கு முன்னால்தான் உறைத்தது. எழுந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்த இன்னொரு படிவத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தது. சொல்லியிருந்தால் அவன் மறுக்கக்கூடும், மறுக்காமலும் போகலாம். அண்ணன் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எழவில்லை.

குமாஸ்தா திரையை என் பக்கம் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பிழை எதுவும் இல்லை என்றேன்.